ஆடி மழையில் சம்பந்தியைத் தேடி

கோயம்புத்தூரில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. காந்திபுரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கிக் குடையை விரித்தேன். மறு நொடியே அது மேல்நோக்கி மடங்கிக் கிண்ணம் போல நின்றது. மலேசியாவில் எங்கள் கிள்ளான் பக்கம் மழை என்றால் மாலை நான்கு மணிக்கு வானம் கறுக்கும், ஒரு மணி நேரம் கொட்டும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல வெயில் அடிக்கும். இங்கே காற்றுதான் முதலாளி. அது எந்தப் பக்கம் போகச் சொல்கிறதோ அந்தப் பக்கம் சாரல் போகிறது. குளிர வைக்கிறதே தவிர முழுசாக நனைப்பதில்லை.

"ஏனுங்க, குடைய மடக்கிப்போடுங்க. ஆடிக் காத்துக்குக் குடை ஆவாதுங்க" என்றார் ஆட்டோக்காரர். பையை இறக்கி லாட்ஜ் வாசல் வரை கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் போனார். மலேசியாவில் டாக்சிக்காரர் பையை இறக்கித் தருவார். ஆனால் இப்படி 'ங்க' போட்டுத் தர மாட்டார்.

நான் கிள்ளானில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கணவர் இறந்த பிறகு எடுத்த வேலை, இருபது வருடமாகிறது. ஒரே மகள் ஷாமினி கோலாலம்பூரில் கணினி நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் சக்திவேலை அவள் கார்த்திகை மாதம் அங்கேயே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். சக்திவேலின் அப்பா அம்மா இருப்பது கருமத்தம்பட்டியில். அப்பா சரி என்றுவிட்டார். அம்மா எட்டு மாதமாக மகனின் போனையே எடுப்பதில்லை.

"நீங்க போக வேண்டாம்மா, அவமானப்பட வேண்டாம்" என்று ஷாமினி சொன்னாள். பையனைப் பெற்றவளை நேரில் அழைக்காமல் கல்யாணம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. ஆடியில் பத்திரிகை வைப்பது முறையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பள்ளி விடுமுறை பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லையே.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாள் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால், 'பார்த்தாயா, அப்படிப்பட்ட வீட்டில் உனக்கு என்ன வேலை' என்று மகளிடம் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும். மகள் என்றைக்காவது இந்த ஊருக்கே குடிவந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு. அழைக்கத்தான் வந்தேன், ஆனால் பாதி மனம் வேறு எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு பேக்கரி. இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு பேக்கரி. எங்கள் ஊரில் ரொட்டி சானாய்க் கடைகளில் கூட்டம் கூடுவது போல இங்கே பேக்கரி வாசலில் நின்றுகொண்டே டீ குடிக்கிறார்கள். தேங்காய் பன் ஒன்று வாங்கினேன். உள்ளே சர்க்கரையும் தேங்காயும் செர்ரிப்பழமுமாக இருந்தது. ஒன்று போதும் என்று நினைத்து இரண்டு தின்றேன். "பசியாறியாச்சா" என்று பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் பேச்சுக்குக் கேட்டேன். எங்கள் பக்கம் காலையில் பார்த்தவுடன் கேட்கிற வார்த்தை அது. அவர் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசி இல்லீங்க, நீங்க சாப்புடுங்க" என்று தன் தட்டிலிருந்த முறுக்கை என் பக்கம் நகர்த்தினார். நான் பசிக்கிறது என்று சொன்னதாக நினைத்துவிட்டார் போல.

மறுநாள் டவுன் பஸ்ஸில் கருமத்தம்பட்டி போனேன். பஸ்ஸின் ஜன்னல் தகரம் பாதியில் சிக்கி, சாரல் முழுக்க என் மடியில். கண்டக்டர் வந்து ஒரே குத்து குத்தி அதை இறக்கினார். அந்தக் கைப்பழக்கத்தை ரசித்தேன். என் பஸ்ஸிலும் இரண்டாவது கதவுக்கு இதே வைத்தியம்தான்.

கருமத்தம்பட்டியில் இறங்கியதும் முதலில் வரவேற்பது தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து தடக் தடக் என்று. அந்தச் சத்தத்துக்குள்ளேயே பெண்கள் வாசலில் நின்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

சக்திவேலின் அப்பா துரைசாமி தறிக் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். நான் வருவதைச் சக்திவேல் சொல்லி வைத்திருந்தான். வெள்ளை வேட்டி, தோளில் பஞ்சுத்தூள். உள்ளே அழைத்துப்போய் நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்த அதே நொடியில் தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. எனக்காக நிறுத்தச் சொல்லிவிட்டார், எத்தனை மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன்.

"கரண்டு போயிடுச்சுங்க. காத்துக்குக் கம்பி அந்துபோச்சாட்ட இருக்குது" என்றார் அவர்.

அந்த அமைதியில்தான் பேச முடிந்தது. மனைவி சாந்தாமணி வீட்டில் இல்லை, மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் தன் அண்ணன் தோட்டத்தில் இருக்கிறாள் என்றார். 'தோட்டம்' என்றதும் என் கண்ணில் பால்மரங்கள் வந்து நின்றன. எங்கள் மலேசியத் தமிழில் தோட்டம் என்றால் ரப்பர் எஸ்டேட். இங்கே கிணற்றுப் பாசனம், ஆற்றுப் பாசனம் உள்ள நிலம்தான் தோட்டம். அண்ணன் கால் முறிந்து கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வாழை குலை தள்ளுகிற நேரம், அதனால் தங்கை போய் இரண்டு வாரமாகப் பார்த்துக்கொள்கிறார்.

பத்திரிகையை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. முதலில் அவள் கையில் கொடுங்கள், அவள் வாங்கிய பிறகு நான் வாங்குகிறேன் என்றார். நான் வருவதை நீங்கள் போனில் சொல்லிவிடுகிறீர்களா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார்.

"நான் சொல்லி அவ கேக்க மாட்டாளுங்க. நீங்க நேர்ல போங்க. வந்தவங்களப் போன்னு சொல்றவ இல்லீங்க அவ. அது ஒண்ணுதான் எனக்கு உறுதியாத் தெரியும்."

அவரே சமைத்த அரிசிம்பருப்புச் சாதம் போட்டார். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்துப் பொங்கி, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு, மேலே நெய். பார்க்க ஒன்றுமில்லை. தட்டு காலியான பிறகுதான் நான் எவ்வளவு தின்றிருக்கிறேன் என்று தெரிந்தது. சாப்பிட்டு முடிக்கவும் கரண்டு வந்தது. அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கைகூப்பி விடைபெற்றேன்.

மூன்றாம் நாள் காலை மேட்டுப்பாளையம் பஸ். துடியலூர் தாண்டியதும் மலை தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மலை இருக்கும் இடத்தில் மேகம்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே பெரிய புளியமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. எங்கள் ஊரில் என்றால் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆட்கள் வரும்வரை காத்திருப்போம். இங்கே பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரோ பக்கத்துத் தோட்டத்திலிருந்து மரம் அறுக்கும் இயந்திரம் கொண்டு வந்தார். பெண்கள் சின்னக் கிளைகளை இழுத்து ஓரமாகப் போட்டோம். முக்கால் மணி நேரத்தில் ஒரு பஸ் போகிற அளவு வழி வந்துவிட்டது. ஒருவர்கூட யாரையும் திட்டவில்லை. ஒதுங்கி நில்லுங்க, பார்த்துங்க, கை பத்திரமுங்க என்று அந்த வேலைக்கு நடுவிலும் 'ங்க' குறையவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஆற்றோரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறியபோது, எதிரே ஒரு ஜீப் ஒலிபெருக்கியோடு வந்தது. மலையில் இரவெல்லாம் மழை, மேலே அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், பவானிக் கரையில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. ஆட்டோக்காரர், இதற்கு மேல் வண்டி போகாது, நடந்து போனால் பத்து நிமிடம், போனதும் திரும்பிவிடுங்கள் என்றார்.

சாரலில் வாழைகளுக்கு நடுவே நடந்தேன். பவானியை அப்போதுதான் பார்த்தேன். செம்மண் நிறம். சத்தம் அதிகமில்லை, ஆனால் வேகம். ஒரு முழு மரம் வேரோடு என் கண் முன்னால் போயிற்று.

கரையில் மோட்டார் அறை. அதன் வாசலில் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையும் தலையில் துண்டுமாக ஒரு பெண்மணி. கையில் பெரிய ஸ்பேனர். போட்டோவில் பார்த்த முகம்தான், சாந்தாமணி. கூடத் தோட்ட வேலை செய்யும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும், வாழைச் சேதத்தைப் பார்க்க யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"வாழைய போட்டோ எடுக்க வந்தீங்களா? அத அப்பறம் எடுக்கலாமுங்க. இந்த மோட்டாரு மேல போகோணும். சித்த இந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

நான் பையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் பிடித்தேன். பெயரைச் சொல்லவோ ஊரைச் சொல்லவோ இடமே இல்லை. நான்கு நட்டுகளில் மூன்று கழன்றன, ஒன்று துருப்பிடித்து அசையவில்லை. அவர் ஸ்பேனரைப் போட, நான் அதன் மேல் காலை வைத்து மிதித்தேன். கழன்றது. மோட்டாரைக் கயிறு கட்டி இரண்டு மூங்கிலில் மாட்டி நான்கு பேரும் தூக்கினோம். ஐம்பத்திரண்டு வயதில் இப்படிக் கனம் தூக்கி எத்தனை காலமாயிற்று. சரக்கு ஏற்றும் சின்ன வண்டி ஒன்று வரப்பு முனையில் நின்றிருந்தது. மோட்டாரை அதில் வைத்து, குழாய்களைப் போட்டு, மூன்று ஆடுகளை ஏற்றினோம். ஆணியில் மாட்டிய என் பையையும் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதற்குள் வண்டித் தடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு வந்துவிட்டது.

"தண்ணி எச்சாயிட்டே வருதுங்க" என்றார் அந்த வேலைக்காரர்.

வண்டியை ஓட்ட வேண்டிய டிரைவர் வரவில்லை. போன் போட்டால், பாலத்தை அடைத்துவிட்டார்கள், அக்கரையில் நிற்கிறேன் என்றார். வேலைக்காரருக்கு மாட்டு வண்டிதான் தெரியும். சாந்தாமணி வண்டியையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமுங்களா?"

"பள்ளிக்கூட பஸ் ஓட்டுறேன். இருபது வருசமா."

"எங்கீங்க?"

"மலேசியாவில."

தலைத்துண்டைச் சரிசெய்ய உயர்ந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். நான் யாரென்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எட்டு மாதமாக அவர் எந்தப் பெயரைக் கேட்காமல் இருந்தாரோ, அந்தப் பெயரின் அம்மா சேறும் சகதியுமாக அவர் எதிரே நின்றிருந்தேன். அப்போது எனக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது உண்மை. இப்போது ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லட்டும், நான் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன்.

"சாவி வண்டியிலயே இருக்குதுங்க" என்றார்.

ஓட்டுகிற பக்கம் எங்கள் ஊர் மாதிரியேதான். ஆனால் தடம் எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். வேலைக்காரர் ஒரு குச்சியோடு முன்னால் நடந்து ஆழம் பார்த்துச் சொன்னார். முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை விடாமல், கிளட்ச் பக்கம் போகாமல் ஓட்டினேன். தண்ணீரில் கிளட்சை மிதித்து வேகம் விட்டால் புகைக்குழாயில் நீர் ஏறிவிடும். கிள்ளானில் வெள்ளத்தில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கற்றது இது. ஓரிடத்தில் பின்சக்கரம் வழுக்கி வண்டி வாழைப்பக்கம் சாய்ந்தது. பின்னால் ஆடுகள் கத்தின. பக்கத்தில் சாந்தாமணி ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தார். கைப்பிடியைப் பிடிக்காமல் குட்டியையே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, மெதுவாக அழுத்தினேன். சக்கரம் கல்லைப் பிடித்தது. தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் முதல் கியரை விட்டு மாற்றினேன்.

கரையோர மக்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. மேடையில் மணமக்கள் நாற்காலி இரண்டும் துணி போர்த்திக் கிடந்தன. அதன் கீழே அந்த ஊர் முழுவதும் பாய் விரித்திருந்தது. யாரோ ரேஷன் அரிசியில் சோறும், கொள்ளு ரசமும் வைத்திருந்தார்கள். மழையில் விறைத்த உடம்புக்கு அந்த ரசம் உள்ளே போன சுகத்தை எந்த ஓட்டலிலும் நான் அனுபவித்ததில்லை. இரண்டாம் முறை கேட்கத் தயங்கினேன். பரிமாறிய பெண் கேட்காமலே ஊற்றினார்.

சாந்தாமணி எனக்கு எங்கிருந்தோ ஒரு உலர்ந்த சேலை வாங்கிக்கொண்டு வந்து தந்தார். கட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"உங்க புள்ள கொள்ளுப் பருப்புத் திங்குமுங்களா?"

எது கொடுத்தாலும் தின்பாள், சமைக்கத்தான் தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார். பெண்ணைப் பற்றி அவருக்கு ஒரு கோபமும் இல்லை. சொந்தபந்தம் என்ன கேட்கும், என்ன ஆட்கள், எந்த ஊர் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயம் இருந்தது உண்மைதான். என் தாத்தா கப்பல் ஏறும்போது எந்த ஊரிலிருந்து ஏறினார் என்பது எங்களுக்கே தெரியாது என்று நான் உள்ளதைச் சொன்னேன். அதை அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் உண்மையான வலி அதுவல்ல.

"அவங்கப்பங்கிட்ட ரெண்டு மாசம் முன்னாலயே சொல்லியிருக்கானுங்க. எங்கிட்டக் கடைசியாத்தான் சொன்னான். அம்மா கத்துவான்னு நெனச்சிருப்பான். கத்தியிருப்பேன். ஆனா கேட்டுமிருப்பேனுங்க."

எனக்கும் ஷாமினி கடைசியாகத்தான் சொன்னாள் என்றேன். அதுவும் பஸ்ஸில், நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, திரும்பிப் பார்க்க முடியாத நேரம் பார்த்து. சாந்தாமணி சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, நான் எதற்காக வந்தேன் என்பதை முழுசாகச் சொன்னேன். நீங்கள் துரத்திவிட்டால் நல்லது என்று பாதி மனதோடு வந்தேன் என்பதையும் சேர்த்து. அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "நல்லவேளை, மோட்டாரத் தூக்கச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார்.

பையில் இருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன். மூலையில் மட்டும் ஈரம். இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஆடில பத்திரிக வாங்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஆடுகளுக்குத் தழை போட்டார்.

அது மறுப்பா, முறையா என்று எனக்குப் புரியவில்லை. பத்திரிகையை மறுபடி உறைக்குள் வைத்தேன். முதல் நாள் இருந்த அந்தப் பாதி மனம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இப்போது முழு மனதும் அவர் வாங்கவில்லையே என்று தவித்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மலை முதன்முறையாகத் தெரிந்தது. நீலமும் பச்சையுமாக, இடையிடையே வெள்ளைக் கோடுகளாக அருவிகள். எத்தனை அருவி என்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்றில் மேகம் மூடிவிட்டது. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஆற்றோர வாழைகள் சாய்ந்துவிட்டன, மேட்டு வாழை தப்பியது. சாந்தாமணி சாய்ந்தவற்றைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. நின்றவற்றுக்கு முட்டுக் கொடுக்க ஆள் சொன்னார். நான் அவரை வியந்து பார்த்தது அப்போதுதான். இப்படிப்பட்ட மாமியாரிடம் என் மகள் ரொம்பக் கற்றுக்கொள்ளலாம், கொஞ்சம் பயப்படவும் செய்யலாம்.

அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று அவரும் என்னோடு கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினார். வழியில் தெரிந்த பெண் ஒருத்தி ஏறி, "யாருங்க்கா இது, ஒரம்பரையா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். உறவினர், விருந்தாளி இரண்டுக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான்.

"என்ர வண்டிய வெள்ளத்துல இருந்து எடுத்துக் குடுத்தவங்க" என்றார் சாந்தாமணி. உண்மைதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காந்திபுரத்தில் இறங்கினோம். எனக்கு மறுநாள் விமானம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எந்தப் பக்கம் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எதிர்த்திசையில் ஜவுளிக்கடைகள் இருக்கும் தெருவில் நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே போனேன். ஒரு மாடிப்படியின் அடியில் சின்ன போட்டோ ஸ்டுடியோ. வாசலில் நின்று தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார்.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கோணுமுங்க. கார்த்திகைக்குள்ள கெடைச்சுருமுங்களா?" என்று உள்ளே இருந்த ஆளிடம் கேட்டார்.

போட்டோ எடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, விண்ணப்பம் நீங்கள்தான் போட வேண்டும் என்றார் அந்த ஆள். வெள்ளைத் திரைக்கு முன் ஸ்டூலில் சாந்தாமணியை உட்கார வைத்தார். நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். காது தெரியும்படி முடியை ஒதுக்கச் சொன்னார், முகத்தை நேராக வைக்கச் சொன்னார். முதல் படம் சரியில்லை. இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதில் ஸ்டுடியோக்காரர் பொறுமை இழந்து, பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாதுங்கம்மா, வாயை மூடிக்கோங்க என்றார்.

"நான் என்னங்க பண்ணட்டும்? சம்பந்தி எதுக்க நின்னுட்டுக் கண்ணத் தொடச்சா எனக்குச் சிரிப்பு வருதுங்களே" என்றார் சாந்தாமணி.